புகையடிக்கும் பழைய சிவிக்: ஓவர்ஹாலா, ஹாஃப் கட்டா, செய்து முடித்த காரா?

போன தைப்பூசத்துக்கு மறுநாள் என் அக்கா மகன் போன் செய்தான். "மாமா, எஞ்சின் புகையடிக்குது. திறந்து செய்யவா, ஹாஃப் கட் வாங்கிப் போடவா? இல்ல, இதை வித்துட்டு யாராச்சும் செஞ்சு வச்சிருக்கற காரா பார்த்து வாங்கிடவா?" ஹாஃப் கட் என்றால் ஜப்பானில் கழித்த காரிலிருந்து வெட்டி எடுத்த, எஞ்சினோடு கூடிய முன்பாதி. கோலாலம்பூர் செந்தூலில் அவன் வீட்டுப் போர்ச்சில் நிற்பது 1994ஆம் ஆண்டு ஹோண்டா சிவிக். ஈஜி பாடி (அந்தத் தலைமுறை சிவிக்குக்கு அதுதான் பெயர்), டி15பி எஞ்சின், அவன் அப்பா ஓட்டிய கார். அதற்கப்புறம் இதே கேள்வியோடு இன்னும் நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். ஒருவரிடம் இருப்பது நிசான் செஃபிரோ, இன்னொருவரிடம் டொயோட்டா கேஇ70, அதாவது பழைய கொரோலா. கார்தான் வேறு வேறு. எல்லாரும் மாட்டிக்கொண்டு நிற்பது ஒரே முச்சந்தியில்.

ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதிவிடுகிறேன். உதாரணத்துக்கு சிவிக்கையே பிடித்துக்கொள்கிறேன். நான் கையில் கிரீஸ் பட்டுப் பழகியது அதில்தான்.

"ஜப்பானிலிருந்து ஒரு பழைய எஸ்ஐஆரையே முழுசாக இறக்கிவிட்டால் என்ன?" என்றும் சிலர் கேட்கிறார்கள். எஸ்ஐஆர் என்றால் சிவிக்கில் வேகமான ரகம். ஏபி (இறக்குமதி அனுமதி) வைத்திருக்கும் வணிகர்கள் கொண்டுவரும் ரீகண்ட் கார்கள், அதாவது வெளிநாட்டில் ஓடிய கார்கள், ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் இருக்க வேண்டும். முப்பது வயது சிவிக் அந்த வாசலில் நுழையாது. அந்த ஆசையை விட்டுவிடலாம்.

## எதை வைத்து அளப்பது

கேட்பவர்கள் எல்லாரும் குதிரைசக்தியில் ஆரம்பிக்கிறார்கள். நான் பாடியில் ஆரம்பிப்பேன்.

எஞ்சின் கிடைக்கும். ஜப்பானில் ஒரு கார் மூன்று வயதில் முதல் முறையும், பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும் 'ஷாக்கென்' சோதனைக்குப் போக வேண்டும். கார் பழசாகப் பழசாக அந்தச் செலவு கட்டுப்படியாகாமல், நன்றாக ஓடும் காரையே பலர் கழித்துவிடுகிறார்கள். அதன் முன்பாதியை வெட்டி கன்டெய்னரில் ஏற்றினால் அதுதான் நம் ஊர் ஹாஃப் கட். 2009இல் அரசாங்கம் தேசிய வாகனக் கொள்கையைத் திருத்தி, 2011 ஜூன் முதல் பழைய உதிரிப்பாகங்களை இறக்கத் தடை என்று அறிவித்தபோது கடைக்காரர்கள் பதறிப்போனார்கள். கடைகள் இன்னும் இருக்கின்றன. காப்பார், சுங்கை பூலோ பக்கம் ஒரு சனிக்கிழமை சுற்றினால் கண்ணாலேயே பார்க்கலாம்.

ஆனால் துருப்பிடிக்காத, மோதி நிமிர்த்தாத, கிராண்ட் (காரின் பதிவுப் பத்திரம்) சுத்தமாக இருக்கும் ஈஜி பாடி எந்தக் கன்டெய்னரிலும் வராது. அது இந்த ஊரில் ஏற்கெனவே பதிவான கார்களில் மிச்சமிருப்பதுதான், அதுவும் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது. ஆகவே உங்கள் பாடி நல்லதா என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் தெரியாமல் எஞ்சினைப் பற்றிப் பேசுவது, வீடு யாருடையது என்று தெரியாமல் சுவருக்குச் சாயம் தேர்ந்தெடுப்பது மாதிரி.

பார்க்கும் முறை எளிது. பின் சக்கரத்து வளைவின் உள்விளிம்பில் விரலை விட்டுத் தடவுங்கள். பின்னால் சாமான் வைக்கும் பூட்டில் ஸ்பேர் டயரைத் தூக்கிக் குழியைப் பாருங்கள். பின் விளக்குகளின் ரப்பர் இறுகிப்போனால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி அங்கேதான் தேங்கும். முன்சீட்டுக் காலடியில் கார்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். ஜாக்கி வைக்கும் இடங்களை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள்: நல்ல தகரம் 'டங்' என்கும், செத்த தகரம் 'தொப்' என்கும். கையில் ஒரு சின்னக் காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் பெயிண்டுக்கு அடியில் இருப்பது தகரமல்ல, புட்டி.

இரண்டாவது அளவுகோல் கிராண்ட். கிராண்டில் உள்ள எஞ்சின் எண்ணும் காரில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். மாறியிருந்தால் பெயர் மாற்றும் சோதனையில் நிற்கும், சாலைத் தடுப்பில் நிற்கும். விபத்து நடந்தால் இழப்பீடு கேட்கும்போதும் அது உங்கள் பக்கம் நிற்காது.

மூன்றாவது, தினமும் வேலைக்கு ஓட்டவா, ஞாயிற்றுக்கிழமைக்கா? நான்காவது, இடமும் நேரமும். தரைவீட்டுப் போர்ச் இருந்தால் பாதி வேலை வீட்டில் செய்யலாம். அடுக்குமாடி கார் பார்க்கில் எண்ணெய் மாற்றினாலே நிர்வாகத்திடமிருந்து கடிதம் வரும். கடைசியாகப் பணம், அதைப் பற்றி ஒவ்வொரு வழியிலும் சொல்கிறேன், ஏனென்றால் ஒவ்வொன்றிலும் அது ஒளிந்திருக்கும் இடம் வேறு.

## முடிவெடுக்கும் முன் புகையைப் படியுங்கள்

"புகையடிக்குது" என்பது ஒரு வியாதியின் பெயரல்ல. எப்போது அடிக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு மூச்சு நீலப் புகை வந்து, பிறகு நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வு சீல். ராத்திரி முழுக்க எண்ணெய் சொட்டுச் சொட்டாக இறங்கியிருக்கும். மேட்டில் அழுத்தி ஏறும்போது பின்னால் வருகிறவன் விளக்கடிக்கும் அளவுக்குத் தொடர்ந்து அடித்தால் பிஸ்டன் ரிங். வெள்ளைப் புகையோடு ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்.

சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் கேஜ் ஒன்று வாங்குங்கள். ஒரு நல்ல சாப்பாட்டுச் செலவுதான். எஞ்சின் சூடாக இருக்கும்போது நாலு பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலேட்டரை முழுக்க அழுத்திக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றி ஒவ்வொன்றாக அளந்து எழுதுங்கள். இந்த ஹோண்டாக்களுக்குக் கையேடு சொல்லும் கடைசி எல்லை 135 பிஎஸ்ஐ. சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 28க்கு மேல் போகக்கூடாது. குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு கரண்டி எஞ்சின் எண்ணெய் ஊற்றி மறுபடி அளங்கள். எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு.

வால்வு சீல் மட்டும்தான் என்றால் எஞ்சினை இறக்கவே வேண்டாம். பிஸ்டன் கீழே இருக்கும்போது பிளக் ஓட்டை வழியாக நைலான் கயிற்றைச் சுருட்டி உள்ளே விட்டு, பிஸ்டனை மேலே ஏற்றினால் வால்வு கீழே விழாமல் கயிறு தாங்கிப் பிடிக்கும்; ஸ்பிரிங்கைக் கழற்றிச் சீலை மாற்றிவிடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் ஹாஃப் கட்டுக்கு முன்பணம் கட்டிய இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

சரி, ரிங்தான் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம்.

## வழி ஒன்று: இருக்கும் எஞ்சினையே ஓவர்ஹால் செய்வது

இதன் பெரிய பலம் தாளில் இருக்கிறது. எஞ்சின் எண் பிளாக்கில்தான் அடிக்கப்பட்டிருக்கிறது. பிளாக்கை மாற்றாதவரை கிராண்டைத் தொட வேண்டாம், ஜேபிஜேக்கு (சாலைப் போக்குவரத்து இலாகா) போக வேண்டாம். பிளாக்கில் விரிசல் விழுந்து வேறு பிளாக் வாங்கினால் மட்டும் அந்தச் சலுகை போய்விடும். அப்போது அதுவும் எஞ்சின் மாற்றம்தான்.

வீட்டில் கழற்றலாம், வீட்டில் பூட்டலாம். நடுவில் பிளாக், கிராங்க், ஹெட் மூன்றும் போரிங் கடைக்குப் போக வேண்டும். டி15பியின் சிலிண்டர் விட்டம் 75 மில்லிமீட்டர். சுவர் தேய்ந்திருந்தால் கால் அல்லது அரை மில்லிமீட்டர் கூட்டிக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவார்கள். கிராங்க் பேரிங்கை ஹோண்டா நிறத்தால் பிரித்திருக்கிறது. பிளாக்கிலும் கிராங்கிலும் இருக்கும் குறியீட்டைச் சேர்த்துப் பார்த்துத்தான் எந்த நிறம் என்று சொல்ல முடியும். "எல்லாம் ஸ்டாண்டர்ட்தான் தம்பி" என்று ஒரே பெட்டியை நீட்டும் கடையில் வாங்காதீர்கள்.

வீட்டில் செய்பவர்கள் முதலில் தோற்பது கிராங்க் புல்லி போல்ட்டிடம். நானும் தோற்றேன். இரண்டு மணி நேரம் தொங்கியும் அசையவில்லை. பக்கத்து வீட்டு அங்கிள் ஸ்பேனரைத் தரையில் முட்டுக்கொடுத்துவிட்டு ஸ்டார்ட்டரைத் தட்டச் சொன்னார், அவர் காலத்து டொயோட்டாவில் அப்படித்தான் கழலுமாம். அந்த வித்தை எஞ்சின் வலப்பக்கமாகச் சுற்றும் கார்களுக்கு. ஹோண்டாவின் டி வரிசை, பி வரிசை எஞ்சின்கள் புல்லிப் பக்கமிருந்து பார்த்தால் இடப்பக்கமாகச் சுற்றும், ஸ்டார்ட்டரைத் தட்டினால் போல்ட் இன்னும் இறுகும். நல்லவேளை, தட்டவில்லை. புல்லியைப் பிடிக்கும் அறுகோணச் சாவி ஒன்றும், ஸ்பேனருக்கு வாலாக ஒரு மீட்டர் இரும்புக் குழாயும் வாங்கிய பிறகு ஒரே அழுத்தில் துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தத்தோடு கழன்றது. மாடியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார்.

ஒளிந்திருக்கும் செலவு 'கழற்றியதோடு கழற்றியதாக' என்ற வார்த்தையில் இருக்கிறது. எஞ்சின் வெளியே இருக்கும்போது கிளட்ச் தட்டு, பின் கிராங்க் சீல், வாட்டர் பம்ப், டைமிங் பெல்ட், மவுண்டிங், ரேடியேட்டர் குழாய்கள் எல்லாம் கண்ணில் படும். மாற்றாவிட்டால் முட்டாள்தனம், மாற்றினால் பட்ஜெட் ஒன்றரை மடங்கு. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: இவ்வளவு செய்தும் திரும்பக் கிடைப்பது கார் புதிதாக இருந்தபோது இருந்த சக்திதான். கம்பத்துக்குப் போய்வர, பிள்ளையைப் பள்ளியில் விட, அப்பாவின் கார் என்ற பாசத்துக்கு அது போதும். சுப்பாங் ஏர்போர்ட் சாலையில் யாரையாவது முந்த வேண்டும் என்றால் போதாது, அங்கே முந்தவும் வேண்டாம்.

## வழி இரண்டு: ஹாஃப் கட் வாங்கி எஞ்சின் மாற்றுவது

ஈஜிக்கு என்றால் எல்லாரும் சொல்லும் பெயர் பி16ஏ. ஹோண்டாவின் விடெக் (சுற்று ஏறியதும் வால்வு திறக்கும் அளவை மாற்றும் நுட்பம்) 1989இல் முதன்முதலாக வந்தது இந்த எஞ்சினில்தான், 1.6 லிட்டரில் 160 குதிரைசக்தி. ஈஜி எஸ்ஐஆரில் வந்த பதிப்பு 7,800 சுற்றில் 170. டர்போ இல்லாமல் இது. 5,500 சுற்றைத் தாண்டியதும் சத்தம் மாறும் பாருங்கள், அதற்காகத்தான் ஆட்கள் பைத்தியமாகத் திரிகிறார்கள்.

நம் ஊர்க் கணக்கில் இன்னொரு நியாயமும் உண்டு. தீபகற்பத்தில் தனியார் சலூன் காருக்கு 1,401 முதல் 1,600 சிசி வரை ரோட் டேக்ஸ் 90 வெள்ளி. டி15பி 1,493 சிசி, பி16ஏ 1,595 சிசி. இரண்டுக்கும் அதே 90. ஹோண்டாவின் பெரிய பி18சி எஞ்சின் போட்டால் 1,797 சிசி, 278 வெள்ளி 80 காசு. செஃபிரோ நண்பருக்கும் இதே கணக்கைப் போட்டுக் காட்டினேன். இப்போதுள்ள ஆர்பி20க்கு 1,998 சிசி, 379 வெள்ளி. அவர் கனவு காணும் ஆர்பி25க்கு 2,498 சிசி, 878 வெள்ளி. ஆண்டுதோறும் கட்ட வேண்டியது என்பதால் இதை எஞ்சின் விலையோடு சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். கேஇ70காரர் 4ஏ-ஜிஇ போட்டால் 1,587 சிசி, அவரும் 90க்குள் வந்துவிடுவார்.

வாங்கும்போது வெறும் எஞ்சினாக வாங்காதீர்கள். 'எஞ்சின் கோசோங்' மலிவாகத் தெரியும். அப்புறம் கியர்பாக்ஸ், டிரைவ் ஷாஃப்ட், இசியு (எஞ்சினை இயக்கும் கணினிப் பெட்டி), வயரிங், மவுண்டிங், ஏர்கோன் கம்ப்ரசர் தாங்கி என்று ஒவ்வொன்றாகத் தேடி அலைந்து கூட்டிப் பார்த்தால் ஹாஃப் கட்டையும் தாண்டியிருக்கும். குறிப்பாக அந்த ஏர்கோன் தாங்கி. கோலாலம்பூர் நெரிசலில் ஏர்கோன் இல்லாத 170 குதிரைசக்தியை ஒரு மாதத்துக்கு மேல் யாரும் ரசித்ததில்லை.

கடையில் பார்க்க வேண்டியவை: பேட்டரி கொடுத்து, பெட்ரோல் பாட்டில் தொங்கவிட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். எண்ணெய் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். தேன் நிறம் நல்லது, தார் மாதிரிக் கறுப்புக் கட்டி இருந்தால் நகருங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் அடியிலும் விடெக் சோலனாய்டு அடியிலும் எண்ணெய் கசிவது சகஜம், அது ரப்பர் வளையம்தான், பயம் வேண்டாம். வயர்க் கட்டை நடுவில் வெட்டியிருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், அல்லது வேறொன்று பாருங்கள். கம்ப்ரெஷன் கேஜை நீங்களே கொண்டுபோங்கள்.

இங்கே நான் பட்ட அடி ஒன்று. என் முதல் பி16ஏ நல்ல எஞ்சின், சத்தமும் சுத்தம், விலையும் இறக்கிக் கொடுத்தார்கள். வீட்டில் இறக்கிவைத்து கிளட்சை இணைக்கப் போனால் இணைக்க இடமில்லை. அது 1991க்கு முந்திய ஈஎஃப் காரின், அதாவது ஈஜிக்கு முந்திய தலைமுறையின், ஹாஃப் கட். அந்தக் கியர்பாக்ஸில் கிளட்சை இழுப்பது கேபிள். ஈஜியில் எண்ணெய் அழுத்தம், ஹைட்ராலிக். இசியு, வயரிங் கூட முந்திய தலைமுறை. கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது, நான் கேட்டது "பி16 இருக்கா" என்றுதான். கியர்பாக்ஸை மாற்ற மறுபடி லாரி, மறுபடி பணம், மூன்று வாரம். ஆகவே எஞ்சின் பெயரைச் சொல்லாதீர்கள், எந்தக் காரிலிருந்து வெட்டியது என்று கேளுங்கள். இசியு மேல் பி30 என்று இருந்தால் அது ஈஜி காலத்து எஸ்ஐஆர் பெட்டி.

ஹாஃப் கட் முன்பாதி மட்டுமே என்பதையும் மறந்துவிடுகிறார்கள். எஸ்ஐஆரின் 262 மில்லிமீட்டர் முன் டிஸ்க் அதோடு வரும். பின் டிஸ்க் ஜப்பானிலேயே தங்கிவிட்டது. உங்கள் காரின் பின்பக்கம் டிரம் பிரேக் என்றால் அதைத் தனியாகத் தேட வேண்டும். சக்தியை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிவிட்டு நிறுத்தும் வேலையைப் பழைய பிரேக்குக்கே விடுகிறவர்களோடு நான் காரில் ஏறுவதில்லை. பெட்ரோலும் மாறும். ஜப்பானிய பிரீமியம் பெட்ரோலுக்கென்று ட்யூன் செய்த எஞ்சினுக்கு ரோன்97தான் பொருத்தம், அதற்கு மானியம் கிடையாது.

இனித் தாள். கடை ரசீதில் எஞ்சின் எண் எழுதியிருக்க வேண்டும். எஞ்சின் முறையாக இறங்கியது என்று காட்டும் சுங்கப் பத்திரத்தின் நகலையும் கேட்டு வாங்குங்கள். "அதெல்லாம் அப்புறம் தரேன்" என்றால் பணமும் அப்புறம். ரசீதில் உள்ள எண்ணை, கியர்பாக்ஸ் சேரும் இடத்தருகே பிளாக்கில் அடித்திருக்கும் எண்ணோடு கடையிலேயே ஒப்பிடுங்கள். அழுக்கைத் துடைக்க ஒரு கம்பி பிரஷ் போதும். பிறகு புஸ்பாகோம் (வாகனப் பரிசோதனை நிலையம்) சோதனை, ஜேபிஜேயில் எஞ்சின் மாற்றப் பதிவு, கிராண்டில் புது எண். வேலையை ஆரம்பிக்கும் முன்பே ஜேபிஜே முகப்பில் போய் என்னென்ன தாள் வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எஞ்சின் ஏறிய பிறகு தாள் தேடுவது கல்யாணம் முடிந்த பிறகு ஜாதகம் பார்ப்பது மாதிரி. காப்பீட்டு நிறுவனத்துக்கும் சொல்லிவிட வேண்டும்.

வீட்டில் செய்யலாமா? செய்யலாம், துணைக்கு ஒருவர் இருந்தால். எஞ்சின் கிரேனை வாடகைக்கு எடுக்கலாம். நம் போர்ச்சுகளில் ஒரு சிக்கல் உண்டு, யாரும் சொல்வதில்லை: மழைத்தண்ணீர் ஓட வேண்டும் என்று தரையைச் சாக்கடைப் பக்கம் சரித்துக் கட்டியிருப்பார்கள், மேலே வழுக்கும் டைல்ஸ் வேறு. எஞ்சின் தொங்கும்போது கிரேன் தானாக நகர ஆரம்பித்தால் கையால் பிடித்து நிறுத்த முடியாது. தடித்த பிளைவுட் பலகை விரித்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துவிட்டுத்தான் தூக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் மழையை எதிர்பாருங்கள். 'தீபாவளிக்குள் முடிச்சிடலாம்' என்று ஆரம்பித்தவர்களின் காரெல்லாம் பொங்கலன்றும் ஸ்டாண்டில்தான் நின்றிருக்கிறது.

## வழி மூன்று: செய்து முடித்த காரை வாங்குவது

பணக்கணக்கில் இதுதான் பெரும்பாலும் மலிவு. ஒருவர் இரண்டு மூன்று ஆண்டு கொட்டிய பணத்தை விற்கும்போது யாரும் திருப்பித் தருவதில்லை. கல்யாணமோ குழந்தையோ வந்து விற்பவரிடம் வாங்கினால் அவர் செலவில் பாதிக்கு நீங்கள் ஓட்டலாம்.

ஆனால் பார்க்கத் தெரிய வேண்டும். முதலில் தீத்தடுப்புச் சுவரில், எஞ்சினுக்குப் பின்னால் அடித்திருக்கும் சேசிஸ் எண். எழுத்து நேராக இருக்கிறதா, சுற்றிலும் வெல்டிங் தழும்போ புதுப் பெயிண்டோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள், பேரமே வேண்டாம். அடுத்தது எஞ்சின் எண், கிராண்டோடு. "கிராண்ட்ல இன்னும் மாத்தல, நீங்க மாத்திக்கலாம் அண்ணே, ஈஸிதான்" என்பார்கள். ஈஸியாக இருந்தால் அவரே மாற்றியிருப்பார்.

வேலை நடந்தபோது எடுத்த படங்களைக் கேளுங்கள். உண்மையாக உழைத்தவரிடம் நூறு படம் இருக்கும், கேட்காமலே காட்ட ஆரம்பிப்பார். கழுவிப் பளபளவென்று வைத்த எஞ்சின் பே எனக்குச் சந்தேகத்தைத்தான் தரும். டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் பாருங்கள்: வயர்களைக் கறுப்பு டேப் சுற்றி முறுக்கி இணைத்திருந்தால் அடுத்த ஓராண்டு உங்கள் வார இறுதிகள் அங்கேயே கழியும்.

இந்த வயதுச் சிவிக்கில் இன்னொன்று. வெயிலில் நிறுத்திவிட்டு வந்தால் ஸ்டார்ட் ஆகாது, நிழல் வந்து சூடு தணிந்ததும் ஆகும். ஃபோர்மன் (பட்டறை மெக்கானிக்) பெட்ரோல் பம்பை மாற்றச் சொல்வார். பெரும்பாலும் பம்புக்கு மின்சாரம் அனுப்பும் மெயின் ரிலேக்குள் ஈயப்பற்று வெடித்திருக்கும், சூட்டில் விரிந்து தொடர்பு விட்டுப்போகும். சாவியைத் திருப்பியதும் பின்சீட்டுப் பக்கம் இரண்டு விநாடி 'உய்ங்' என்று பம்ப் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். வராவிட்டால் அந்தச் சின்னப் பெட்டியைக் கழற்றி மறுபடி ஈயம் வைத்தால் போதும். கார் பார்க்கப் போகும்போது மத்தியானம் போங்கள், விற்பவர் சாயங்காலம் வரச் சொன்னாலும்.

இந்த வழியின் மறைமுகச் செலவு பணம் கிடைக்கும் வழியிலும் இருக்கிறது. இவ்வளவு பழைய காருக்கு வங்கிக் கார் கடன் கிடைப்பது அரிது. ரொக்கம் வேண்டும், அல்லது அதைவிட வட்டி அதிகமான தனிநபர் கடன். பதினைந்து வயது தாண்டிய காருக்குப் பல காப்பீட்டு நிறுவனங்கள் மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டுமே தருகின்றன. உள்ளே இருக்கும் எஞ்சினின் மதிப்பு அதில் எங்கும் வராது.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | ஓவர்ஹால் | ஹாஃப் கட் | செய்து முடித்த கார் |
|---|---|---|---|
| கிராண்ட் | அதே பிளாக் என்றால் மாற்றமில்லை | புஸ்பாகோம், ஜேபிஜே இரண்டும் கட்டாயம் | விற்பவர் பெயரிலேயே சரியாக இருக்க வேண்டும் |
| ரோட் டேக்ஸ் | மாறாது | சிசியைப் பொறுத்து. பி16ஏ என்றால் அதே 90 வெள்ளி | வாங்கும் முன் கிராண்டில் பாருங்கள் |
| வீட்டில் செய்ய முடிந்தது | கடைசல் தவிர மற்றதெல்லாம் | பெரும்பகுதி. ஏர்கோன் கேஸ், அலைன்மென்ட் வெளியே | சின்னத் திருத்தங்கள் |
| கார் நிற்கும் காலம் | ஒன்றிரண்டு மாத வார இறுதிகள் | நினைத்ததைவிட இரண்டு மடங்கு | நிற்காது, ஆனால் தேட மாதக்கணக்கு |
| பணம் ஒளிந்திருக்கும் இடம் | கழற்றியதோடு மாற்றும் பாகங்கள் | பிரேக், வயரிங், ரோன்97 | முந்தியவர் மறைத்தது |
| பாடி கெட்டிருந்தால் | வீண் | அதைவிட வீண் | வாங்கவே கூடாது |

## யாருக்கு எது

தினமும் இதே காரில்தான் வேலைக்குப் போக வேண்டும், வேறு கார் இல்லை என்றால் ஓவர்ஹால். அதையும் மாற்றுக் காருக்கோ எல்ஆர்டிக்கோ ஏற்பாடு செய்துவிட்டுத் திறங்கள். அப்பாவோ தாத்தாவோ ஓட்டிய கார் என்றாலும் இதுவே என் சிபாரிசு. எஞ்சின் எண்ணோடு கார் முழுசாக இருப்பதற்கு மதிப்பு கூடிக்கொண்டே போகிறது.

பாடி நல்லது, போர்ச் இருக்கிறது, ஓட்ட வேறு கார் இருக்கிறது, கற்றுக்கொள்ளும் ஆசையும் இருக்கிறது என்றால் ஹாஃப் கட். இந்த நாலில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம். முடித்த பிறகு அழுத்திப் பார்க்க சிப்பாங் பந்தயத் தளத்தில் டிராக் டே நடக்கும் நாளைப் பார்த்துப் போங்கள். காராக் சாலை வளைவுகள் அதற்கான இடமல்ல.

அடுக்குமாடியில் இருப்பவருக்கும், ஸ்பேனர் பிடிக்க நேரமில்லாதவருக்கும் மூன்றாவது வழி. கூடவே ஒரு ஃபோர்மனைக் கூட்டிப்போங்கள், அவருடைய அரைநாள் கூலி நீங்கள் செலவழிக்கும் மிக நல்ல பணம். கையில் காசு மிகக் குறைவு, ஆனால் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற இளைஞருக்கு ஒரு கிளைப்பாதை: பழைய பெரோடுவா கஞ்சில். அதன் அடிப்படை டைஹாட்சு மிரா. 659 சிசி, நாலு சிலிண்டர், டர்போவோடு 64 குதிரைசக்தி தரும் ஜேபி-ஜேஎல் எஞ்சின் அதில் ஏறும். ரோட் டேக்ஸ் 20 வெள்ளி. எஞ்சினை இரண்டு பேர் சேர்ந்து தூக்கிவிடலாம். தாள் விதிகள் அதே விதிகள்தான்.

என் அக்கா மகன் ஹாஃப் கட்டில்தான் குறியாக இருந்தான். கேஜும் காந்தமும் எடுத்துக்கொண்டு போனேன். கம்ப்ரெஷன் நாலிலும் 160க்கு மேல், புகை காலையில் மட்டும்: வால்வு சீல். ஆனால் பின் வலது சக்கர வளைவில் காந்தம் ஒட்டவில்லை. ஸ்பேர் டயரைத் தூக்கினால் குழியில் ஒரு டம்ளர் தண்ணீர், அதற்கடியில் ஐம்பது காசு அகலத்துக்கு ஓட்டை, ஓட்டை வழியாகப் போர்ச் டைல்ஸ் தெரிந்தது. இப்போது எஞ்சின் காசில் தகரம் வெட்டி ஒட்டும் வேலை நடக்கிறது. பின் விளக்குக்குப் புது ரப்பர் வாங்கியாயிற்று. கயிறும் வாங்கி வைத்திருக்கிறான், வருகிற ஞாயிற்றுக்கிழமை மழை வராவிட்டால் சீல் மாற்றுகிறோம்.